வேலைக்காக நீலகிரிக்கு வருகிறவர் சைக்கிளுக்கு எந்தச் சாலையை நம்பலாம்?

2025 ஜனவரி 11, மதுரை வாசகரின் கேள்வி

வங்கிக் கிளைகளின் தணிக்கைக்காக என்னை அவ்வப்போது நீலகிரிக்கு அனுப்புகிறார்கள். ஊட்டியில் அறை தருகிறார்கள். காலை பத்து மணிக்குக் கிளையில் இருக்க வேண்டும். மாலையில் எப்போது விடுவார்கள் என்பது எனக்கே தெரியாது. அழகர்கோவில் சாலையில் ஓட்டிப் பழகிய சாலைச் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறேன். சைக்கிள் தடங்களைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் பளிச்சென்று எரியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த ஊரிலும் நல்ல தடம் கிடைத்துவிடும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். மலையிலும் அது செல்லுமா?

ஜனவரி 12

செல்லாது. சமவெளியில் அந்த முறை ஓரளவு உதவும். மலையில் அது உங்களை நேராக வண்டி நெரிசலுக்குள் கொண்டுபோய் விடும். ஒரு சாலையில் எத்தனை பேர் போனார்கள் என்பதைத்தான் அந்த வரைபடம் காட்டுகிறது. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசையில் போனார்கள் என்பதைக் காட்டுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 181 அதில் தகதகவென்று எரியும். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் முதல் ஏற்றம். விடியும் முன்பே தொடங்கி, சுற்றுலா வேன்கள் கிளம்புவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடும் ஆட்கள் போட்ட கோடு அது. நீங்கள் அதே கோட்டில் ஒன்பது மணிக்கு இறங்கினால், அவர்கள் பார்த்த சாலையும் நீங்கள் பார்க்கும் சாலையும் ஒன்றாக இருக்காது. 2008 இல் தொடங்கிப் பெரும்பாலும் டிசம்பரில் நடந்துவரும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தின் தடங்களும் அதே வரைபடத்தில்தான் சேர்கின்றன. காவலும் உதவி வண்டியும் முன்னும் பின்னும் வர, கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஏற்ற சாலை, தனியாகக் கைப்பையோடு வரும் தணிக்கையாளருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: ஈரோட்டிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைகளின் எடைமேடைகளையும் தராசுகளையும் பழுதுபார்க்க இந்த மலைக்கு வந்துபோகிறவன். சைக்கிள் உடன் வரும்.

ஜனவரி 12, இரவு

வெப்ப வரைபடம் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில், பல நாடுகளின் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் அதில் தெரிந்ததால் உலகம் முழுவதும் பேச்சானது. வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பும் பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியும் இருக்கின்றன. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அந்தப் பகுதியில் வரைபடத்தில் தெரியும் கோடுகள் எல்லாம் நமக்குத் திறந்த சாலைகள் அல்ல. காவலர் கை காட்டினால் திரும்பிவிடுங்கள். உள்ளே கோடு இருக்கிறது என்று அலைபேசியை நீட்டி வாதாடும் இடம் அது அன்று.

ஜனவரி 19

"அப்படியானால் எத்தனை கிலோமீட்டர் திட்டமிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே கிலோமீட்டரை விடுங்கள், உயரத்தைக் கணக்கிடுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டும் சாதாரண ஆள் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக 500 முதல் 700 மீட்டர் வரை ஏறுவார். இந்த எண்ணை உங்கள் ஊர்க் குன்று எதிலாவது நேரம் பார்த்துக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தச் சாலையையும் அதால் வகுத்துப் பார்க்கலாம். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் தொடங்கி 46 கிலோமீட்டர் ஓடி ஊட்டியில் 2,203 மீட்டரில் நிற்கிறது. ஏற்றம் 1,877 மீட்டர். மணிக்கு 600 ஏறுகிறவருக்கு நிற்காமல் போனாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்குக் கிளைக்குப் போக வேண்டியவர் அதைப் பற்றி ஞாயிறன்றுதான் யோசிக்க வேண்டும்.

ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். அதனால் மதுரையில் எடுத்த எண்ணிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மூச்சு வாங்கும்போது உடல் தளர்ந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறவர்கள் பலர். காற்றில்தான் குறை.

குளிரையும் இப்படியே கணக்கிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு கிளம்புகிறவர் ஊட்டிக்குப் பன்னிரண்டு டிகிரி குறைவான காற்றில் போய்ச் சேருகிறார். இறங்கும்போது ஈர உடையோடு அந்தக் காற்றுக்குள் விரைகிறார். சட்டைக்குள் செருகிக்கொள்ள ஒரு நாளிதழ் இருந்தால் போதும்.

பிப்ரவரி 3

மேலே எழுதியதை மீண்டும் படித்தபோது, முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று என்று தோன்றுகிறது. தடத்தைத் தேடுவதற்கு முன்னால் அறையைத் தேடுங்கள். மலையில் ஓட்டம் எப்படி அமையும் என்பதில் பாதியை நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பது தீர்மானித்துவிடுகிறது.

ஊட்டியில் தங்கினால் பெரும்பாலான நல்ல சாலைகள் முதலில் இறங்கும். குளிர்ந்த கால்களோடு இறங்கி, பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். காலை எட்டரைக்குக் கேத்திப் பள்ளத்தாக்கின் அடியில் நின்றுகொண்டு மேலே பார்க்கும் மனநிலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குன்னூரில் தங்கினால் இது தலைகீழாகும். 1,850 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து வண்டிச்சோலை, கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரிப் பக்கம் போகும் சாலையில் முதலில் ஏறலாம். நேரம் முடிந்த இடத்தில் திரும்பினால், திரும்பும் வழியில் பெரிய ஏற்றம் பாக்கி இருக்காது. பயணத்தை எந்த நிமிடத்திலும் வெட்டிக்கொள்ளலாம் என்பதே வேலை நாளில் ஓட்டுகிறவருக்குப் பெரிய வசதி. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. தூரமும் 18 கிலோமீட்டர்தான். உங்கள் அலுவலகத்தில் தங்குமிடத்தை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். செலவு அதிகமாகாது என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

என் சொந்த விருப்பம் கோத்தகிரி. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

விடுதியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வெளிக் கதவை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? வெந்நீர், இணையம், காலை உணவு எல்லாம் பிறகு. நான் தங்கிய ஒரு விடுதியில் இரவுக் காவலர் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஏழு மணி வரை தூங்கினார். நான் முழு உடையில், தலைக்கவசத்தோடு, வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் சாலை சுமார் 18 கிலோமீட்டர். ஈளாடா, கெரடாமட்டம் வழியாக இரு பக்கமும் தேயிலையோடு ஏறி இறங்கி ஏறிப் போகும். எங்கும் மூச்சை அடைக்கும் ஏற்றம் இல்லை. எங்கும் சமமும் இல்லை. முடிவில் மோயாற்றுப் பள்ளத்தாக்கு காலுக்குக் கீழே திறக்கும். வழியில் எந்த இடத்தில் திரும்பினாலும் குறையாகத் தெரியாது. வேலைக்கு முன் ஓட ஒரே ஒரு சாலையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அங்கே காட்டெருமைகள் உண்டு. போன வாரம் விடியும் நேரத்தில் ஒரு வளைவுக்கு அப்பால் ஒன்று தேயிலைக்குள் நின்றது. செடிகள் வயிறு வரை மறைத்திருந்ததால் முதலில் ஒரு கரிய முதுகுதான் தெரிந்தது. பாறை என்றே நினைத்தேன். பிறகு மூக்கிலிருந்து ஆவி வந்தது. அது சாலைக்கு இறங்கியபோது முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதைப் போன்ற கால்கள் தெரிந்தன. நடுச்சாலையில் நின்று என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் வந்த பால்வண்டி ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டு, "மணி அடிக்காதீங்க, வண்டிக்குப் பின்னால வந்துருங்க" என்றார். அவர் பீடியைப் பற்றவைத்து முடிக்கும் வரை இருவரும் காத்திருந்தோம். கூட்டமாக நிற்பவற்றைவிடத் தனியாகத் திரியும் ஆண் காட்டெருமையிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று அவர் சொன்னார். உள்ளூரில் எல்லாரும் சொல்வதும் அதுவே. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் நடமாடுகிறது. ஆகவே, நேரம் மிச்சப்படுத்த வேண்டும் என்று இருட்டில் கிளம்பாதீர்கள். ஜனவரியில் சூரியன் வரவே ஆறேமுக்கால் ஆகிறது. மே மாதத்தில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். உங்கள் ஓட்டத்தின் நீளம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

பால்வண்டி ஓட்டுநரைப் பற்றி எழுதிய பிறகு, யாரிடம் வழி கேட்பது என்பதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் கேட்பதற்கு முன் அந்தச் சாலையில் பிழைக்கிறவர்களிடம் கேளுங்கள். "நல்ல சாலை எது?" என்று கேட்டால் எல்லாரும் ஊட்டிப் பெருஞ்சாலையைத்தான் காட்டுவார்கள், அகலமானது அவர்களுக்கு நல்லது. நான் கேட்பது வேறு: "காலை ஆறரைக்கு இந்தச் சாலையில் எந்த வண்டி வரும்?" இந்தக் கேள்விக்குத் துல்லியமான விடை வரும். முதல் மினி பஸ் எப்போது, பள்ளி வேன்கள் எப்போது, பச்சைத் தேயிலை ஏற்றும் லாரி எப்போது என்று வரிசையாகச் சொல்வார்கள். தேயிலை மண்டலத்தில் இந்த நேரக்கணக்கு நமக்குச் சாதகமானது. பகலில் பறித்த இலை பிற்பகலிலும் மாலையிலும்தான் தொழிற்சாலைக்குப் போகும். இரவில் வாடி, அரைபடும். அதனால் காலையில் தேயிலைச் சாலைகளில் கனரக வண்டி குறைவு. எட்டு மணிக்குப் பள்ளி வேன்கள் தொடங்கிவிடும். அதற்குள் அறையில் இருங்கள்.

இன்னொரு வழி, அறிமுகமில்லாத சாலையில் சைக்கிளை எடுப்பதற்கு முன் முந்தைய மாலையில் அரசுப் பேருந்தில் அந்தப் பக்கம் போய்வருவது. முன்பக்கம் இடது சன்னலோரம் கிடைத்தால் சாலையின் ஓரம் முழுவதும் கண்ணில் படும்: எங்கே தார் உடைந்திருக்கிறது, எங்கே ஓரம் ஓர் அடி ஆழத்துக்கு இறங்குகிறது, எந்த வளைவில் ஊற்றுத் தண்ணீர் குறுக்கே ஓடுகிறது, எங்கே ஓட்டுநர் விடாமல் ஒலிப்பான் அடிக்கிறார். எந்தச் செயலியிலும் இது இல்லை. தணிக்கைக் கோப்பையும் மடியில் வைத்துக்கொள்ளலாம், அலுவலகப் பயணம் என்று யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மார்ச் 9

காலையில் கனரக வண்டி குறைவு என்று நான் எழுதியது தேயிலைப் பக்கத்துக்கு மட்டும். காய்கறிப் பக்கத்தில் அது பொருந்தாது என்று கேத்தி பாலாடாவில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது சரி. கேரட் அறுவடை விடியலுக்கு வெகு முன்பே விளக்கு வெளிச்சத்தில் தொடங்கிவிடுகிறது. ஆட்களை ஏற்றிய பிக்கப் வண்டிகள் இருட்டிலேயே ஓடுகின்றன. அறுத்த கேரட் கழுவும் இடத்துக்குப் போகிறது, அங்கிருந்து மூட்டையாக ஏறுகிறது.

இதில் சைக்கிள்காரர் கவனிக்க வேண்டியது வண்டியை மட்டும் அன்று, அது விட்டுச்செல்லும் தண்ணீரையும்தான். கழுவிய மூட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டே போகும். வயல் மண் ஒட்டிய சக்கரங்கள் அதன்மேல் உருளும். வளைவுகளில் செம்மண் குழம்பு மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். மேலே வெயில் பட்டால் காய்ந்ததுபோலத் தெரியும், சக்கரம் பட்டால்தான் வழுக்கல் தெரியும். கேத்தி பாலாடாவிலும் முத்தோரை பாலாடாவிலும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள். இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர் இருந்தால் நல்லது. காற்றையும் சற்றுக் குறைத்து வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், முத்தோரை பாலாடா வழியாக எமரால்டுக்குப் போகும் சாலை ஊட்டியில் தங்குகிறவர்களுக்கு என் முதல் தேர்வு. படிப்படியாக வெட்டிய காய்கறி வயல்கள், நடுநடுவே படுகர் ஊர்கள், பிறகு அணையின் நீர். ஏழு மணிக்குப் பிறகு போனால் கேரட் வண்டிகளும் அடங்கியிருக்கும். அப்படிப் போனால் பத்து மணிக்குக் கிளைக்கு வர முடியாது என்பது வேறு விஷயம். சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 30

மதுரையிலிருந்து காரில் வருவதால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். நாளை மறுநாள், 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, எண்ணிக்கைக்கும் வரம்பு வருகிறது: நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. சைக்கிளுக்கு இ-பாஸ் கேட்பார்களா என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தார். கேட்பதில்லை, ஆனால் சைக்கிளைச் சுமந்துவரும் காருக்குக் கேட்பார்கள்.

தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் போத்தலுக்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். சாலையோரம் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. சைக்கிள் குடுவை அதற்கு ஏற்றது.

மே 18

இந்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தணிக்கை மாதம் பார்த்து வருவதில்லை.

கோடை சீசனில் வழக்கமாக ஒருவழிப் பாதை நடைமுறைக்கு வரும்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். நெரிசல் என்று எல்லாரும் புலம்பும் இந்த ஏற்பாட்டிலும் சைக்கிளுக்கு ஒரு நன்மை இருக்கிறது. எந்தச் சாலையில் எந்தத் திசையில் வண்டிகள் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கோத்தகிரிச் சாலையில் காலை ஏழு மணிக்குள், ஊட்டியில் அறை காலி செய்கிறவர்கள் இன்னும் தோசைக்குக் காத்திருக்கும்போதே, கட்டபெட்டுப் பக்கம் நிம்மதியாக ஓட்டிவிட்டு வரலாம். ஒன்பதரைக்குப் பிறகு அந்தச் சாலையில் பிரேக் நாற்றம் தொடங்கும்.

அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது விதி. உள்ளூர் ஓட்டுநர்கள் சைக்கிளுக்கும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். வாடகைக் கார் எடுத்துவரும் சமவெளி இளைஞர்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஜூன் 29

"மழைக்காலத்தில் நிறுத்திவிடுவதா?" நிறுத்த வேண்டாம், பக்கம் மாறுங்கள்.

இந்த மலையில் மழைக்கு இரண்டு வாசல்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கத்தைத்தான் அடிக்கும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதே வாரங்களில் கோத்தகிரிப் பக்கத்தில் சாரலோடு ஓட்ட முடியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இதைத் திருப்பிப் போடுகிறது: குன்னூரும் கோத்தகிரியும் நனையும். மண் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2009 நவம்பரில் அந்தப் பக்கத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோன சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே ஜூலையில் கிழக்கு, நவம்பரில் மேற்கு. இதை அலுவலகத்தில் சொல்லிக் கிளைகளின் வரிசையை மாற்ற முடிந்தால் நீங்கள் பெரிய ஆள்.

இன்னொரு காலக்குறிப்பு: இது பலாப்பழ மாதம். பர்லியார், குஞ்சப்பனைப் பகுதிகளில் பழுத்த பலாவைத் தேடி யானைகள் சாலையோரம் வரும். இந்த மாதங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இரண்டு சாலைகளிலும் கீழ்ப்பகுதியை விடிகாலையில் சைக்கிளில் கடப்பதை நான் தவிர்க்கிறேன். பேருந்தில் மேலே போய் அங்கிருந்து ஓட்டுவதில் மானம் ஒன்றும் போய்விடாது.

ஜூலை 6

கொடைக்கானல் பற்றிக் கேட்டவர் திண்டுக்கல்காரர் போலும். பழனி மலை என் வேலை எல்லைக்குள் இல்லை. விடுமுறையில் ஓட்டியதை வைத்துச் சொல்கிறேன். வத்தலக்குண்டுச் சாலை பெருங்கூட்டம் ஏறும் சாலை. பழனியிலிருந்து ஏறும் சாலை அதைவிட அமைதியானது. இரண்டும் பெருமாள்மலையில் சேர்கின்றன. மேலே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் போன வழியிலேயே திரும்ப வேண்டும். நீலகிரியில் குன்னூர், கட்டபெட்டு, ஊட்டி, கேத்தி என்று வளையமாகச் சுற்றலாம். களைத்தால் குறுக்கே வெட்டவும் இடமுண்டு. வேலை நாளுக்கு நீலகிரி, விடுமுறைக்குக் கொடைக்கானல் என்பது என் தீர்ப்பு. மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் 17

ஒரே சாலைக்கு ஓர் இணையத்தளம் 620 மீட்டர் ஏற்றம் என்றும் இன்னொன்று 840 என்றும் காட்டுவதாக மதுரை வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். உயரத்தைக் கணக்கிடுங்கள் என்று ஜனவரியில் சொன்னவன் நான் என்பதால் இதற்கு விடை சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

பல தளங்கள் சாலையின் உயரத்தைச் சாலையில் அளப்பதில்லை. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த நிலவடிவத் தரவும் அதன் வழிவந்தவையும்தான் பலவற்றுக்கு அடிப்படை. நிலத்தைச் சுமார் முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் உயரம் வைத்திருப்பார்கள். சமவெளியில் அதனால் கேடு இல்லை. செங்குத்துச் சரிவைக் குடைந்து போட்ட மலைச்சாலையில், கட்டத்தின் ஓர் ஓரம் சாலைக்கு மேலுள்ள பாறையையும் மறு ஓரம் கீழுள்ள பள்ளத்தையும் தொடும். கோடு ஐந்து மீட்டர் விலகி வரையப்பட்டிருந்தாலே கணினி உங்களைப் பாறையில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கிக் கணக்கைக் கூட்டிவிடும். சில தளங்கள் இதை மழித்துச் சமன்செய்கின்றன, சில செய்வதில்லை. அதனால்தான் இந்த வேறுபாடு.

ஆகவே மொத்த ஏற்றத்தை நம்பாதீர்கள். தொடக்க ஊர், உச்சி, இடையில் பெரிய பள்ளம் ஏதும் இருந்தால் அது, இவற்றின் உயரங்களை மட்டும் எடுத்துக் கழித்துக் கூட்டுங்கள். காற்றழுத்தத்தால் அளக்கும் கருவி இதைவிட நம்பகமானது. அதையும் கிளம்பும்போது தெரிந்த உயரத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும். மலை ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். எடைமேடைக்காரனுக்குப் படிக்கல் எப்படியோ, எனக்கு அந்தப் பலகை அப்படி.

செப்டம்பர் 14

கல்லட்டி. யாராவது கேட்டே தீர்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மசினகுடியிலிருந்து ஊட்டியை அடுத்த தலைக்குந்தா நோக்கி ஏறும் சாலை. 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், அதுவும் குறுகிய தூரத்தில். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. களைத்திருக்கும்போது அந்தப் பலகைகளைப் படிக்காமல் இருப்பது நல்லது. மிதிகளோடு சுழலும் கிராங்கின் சிறிய வட்டம் 34 பல் என்றால், பின்பக்கப் பெரிய பல்சக்கரமும் 34 பல்லாவது இருக்கட்டும். 28 பல்லோடு வந்து நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இரண்டாவது கிலோமீட்டரில் சைக்கிளைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு வந்தவர்களுக்கு இது உரியதன்று என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியிலிருந்து கிளம்பினால் முதலில் கீழே போக வேண்டும். அந்த இறக்கத்தில் விபத்துகள் மலிந்ததால் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குத் தடை வைத்திருக்கிறார்கள். சைக்கிளுக்கு எழுத்தில் எதுவாக இருந்தாலும், விளிம்புப் பிரேக் போட்ட சைக்கிளை அங்கே இறக்குவது அறிவுடைமை அன்று. தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடாகி டியூபே வெடிக்கும். அடிவாரம் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது; காட்டுச் சாலையில் தனியாக விடிகாலையில் சைக்கிள் ஓட்டத் துணிவு மட்டும் போதாது. துணை வண்டியோடு, குழுவாக, பகல் வெளிச்சத்தில், ஏறும் திசையில் மட்டும் போகலாம்.

செப்டம்பர் 15

"அப்படியானால் இறக்கத்துக்குப் பயந்தவர் நீங்கள்" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: ஆம்.

நவம்பர் 2

மதுரை வாசகர் குன்னூரில் அறை மாற்றிக்கொண்டு, கட்டபெட்டு வரை இரண்டு காலைகள் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். வெப்ப வரைபடத்தில் அந்தச் சாலை மங்கலாகத்தான் இருந்தது என்றும் சேர்த்திருக்கிறார். அடுத்த தணிக்கை மஞ்சூரில் என்பதால், காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக சைக்கிளிலேயே ஏறலாமா என்று கேட்கிறார்.

43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அது, குன்னூர், கோத்தகிரிச் சாலைகளைத் தவிர்த்து அந்தப் பக்கத்திலிருந்து மேலே போகும் மூன்றாவது சாலை. மற்ற இரண்டையும்விட வண்டி குறைவு என்பது உண்மை. அதே காரணத்தால் யானைக்கு அது அமைதியான சாலை. வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு, இரவில் விடமாட்டார்கள். நெடுந்தூரம் கடை கிடையாது. அலைபேசித் தொடர்பும் விட்டுவிட்டுத்தான் வரும். நவம்பரில் மேற்குப் பக்கம் போகலாம் என்று ஜூனில் எழுதினேன். அது ஊட்டிக்கு மேற்கே உள்ள மேட்டுநிலத்துக்கு; கெத்தைச் சரிவை அதில் சேர்க்காதீர்கள். காரையோ பேருந்தையோ பிடித்து மஞ்சூருக்குப் போங்கள். அங்கிருந்து கிண்ணக்கொரைப் பக்கம் போகும் தேயிலைச் சாலையில் காலையில் ஒரு மணி நேரம் போய் ஒரு மணி நேரம் திரும்புங்கள். மஞ்சூரில் கிளை மேலாளரிடம் கேட்பதைவிடக் கிளைக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். முதல் பேருந்தின் நேரம் அவருக்குத்தான் தெரியும். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் மதுரையிலேயே மாற்றிவிட்டு வாருங்கள். சாலைச் சைக்கிளுக்கான கட்டையை மஞ்சூரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.